மலை நிலத்தை விற்று ஆப்பிரிக்காவில் டிராக்டர் பண்ணை: இறங்கலாமா?

நீங்கள் கேட்டவை – வாசகர் கேள்வி, பதில்

கேள்வி: கொடைக்கானல் மேல்மலையில் பூம்பாறை எங்கள் ஊர். மூன்று ஏக்கர் படிக்கட்டு நிலம் இருக்கிறது. பூண்டு, உருளை, கேரட், பீன்ஸ் போடுகிறோம். என் மகன் வேளாண் பொறியியல் டிப்ளமோ முடித்துவிட்டு, கோவையில் டிராக்டர் ஷோரூமில் வேலை பார்க்கிறான். அவனும் மூன்று நண்பர்களும் சேர்ந்து எத்தியோப்பியாவில் 500 ஏக்கரைக் குத்தகைக்கு எடுத்து, முழுக்க இயந்திரத்தை வைத்தே மக்காச்சோளம் போடப் போவதாகச் சொல்கிறார்கள். ஓர் ஏஜென்ட் எல்லாவற்றையும் முடித்துத் தருகிறாராம். 'அங்கே குத்தகை ஏக்கருக்கு நூறு ரூபாய்கூட இல்லை. இங்கே கொத்து பிடித்து என்ன சம்பாதித்தோம்? பாதி நிலத்தை விற்றுக் கொடுங்கள்' என்று கேட்கிறான். என் மாமியார் சம்மதிக்கவில்லை. நிலத்தை வாங்க ரிசார்ட் கட்டுகிறவர்கள் தயாராக இருக்கிறார்கள். என்ன செய்வது?
– பெயர் வெளியிட விரும்பாத வாசகி, பூம்பாறை.

பதில்: அம்மா, முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்தத் திட்டத்துக்காக நிலத்தை விற்க வேண்டாம். அதற்காக உங்கள் மகன் ஆசைப்படுவது தப்பு என்று அர்த்தமில்லை. இயந்திரம் தெரிந்த பையன், இயந்திரம் ஓடாத நிலத்தில் பிறந்திருக்கிறான். பெரிய வயலில் டிராக்டர் ஓட்ட வேண்டும் என்று அவனுக்குத் தோன்றுவது இயல்பு. அவனிடம் 'வேண்டாம்' என்று மட்டும் சொன்னால் வீட்டில் சண்டைதான் மிஞ்சும். கணக்கைக் காட்டிப் பேச வேண்டும். அதற்காகத்தான் இந்த இதழில் மற்ற கேள்விகளைக் குறைத்துக்கொண்டு, உங்கள் கேள்விக்கு நிறைய இடம் ஒதுக்கியிருக்கிறேன்.

குத்தகை மலிவாக இருந்தும் கைவிட்டுப் போன நிலம்

உங்கள் மகன் சொல்லும் அதே எத்தியோப்பியாவுக்கு நம் நாட்டிலிருந்தே ஒரு பெரிய கம்பெனி போனது. பெங்களூரைச் சேர்ந்த கருதூரி குளோபல். ரோஜா சாகுபடியில் பெயர் வாங்கிய நிறுவனம். அந்த நாட்டின் மேற்கு ஓரத்தில் உள்ள காம்பெல்லா மாநிலத்தில் 50 வருடக் குத்தகைக்கு நிலம் எடுத்தார்கள். முதலில் 3 லட்சம் ஹெக்டேர் வரை பேச்சு நடந்தது. 2010-ல் ஒப்பந்தம் ஆனது 1 லட்சம் ஹெக்டேருக்கு. நம் திண்டுக்கல் மாவட்டத்தை ஆறு பங்காகப் போட்டால் ஒரு பங்கு அளவு. குத்தகை ஹெக்டேருக்கு வருடம் 20 பிர். அன்றைய மதிப்பில் ஏக்கருக்கு 25 ரூபாய்கூட வராது.

இவ்வளவு மலிவாக நிலம் கிடைத்தும் என்ன ஆனது? அது பாரோ ஆற்றின் வெள்ளப்படுகை. 2011-ல் ஆறு பெருகி, அறுவடைக்கு இருந்த மக்காச்சோளம் தண்ணீரில் போனது. கரிசல் மண்ணில் மழை இறங்கிவிட்டால் டிராக்டர் இறங்க முடியாது. இது நம் ஊர்க் கரிசல் விவசாயிக்குத் தெரிந்த சங்கதிதான். கடைசியில் 2015 டிசம்பரில் எத்தியோப்பிய அரசு குத்தகையையே ரத்து செய்தது. 'இத்தனை வருடத்தில் சுமார் 1,200 ஹெக்டேர்தான் பண்படுத்தியிருக்கிறீர்கள்' என்பது அரசு சொன்ன காரணம். கம்பெனி அதை மறுத்தது. ஆனாலும் நிலம் போனது போனதுதான்.

இன்னொரு பக்கமும் உண்டு. காலி நிலம் என்று காகிதத்தில் இருந்த இடத்தில் ஏற்கெனவே ஆட்கள் இருந்தார்கள். அனுவாக் இன மக்கள் அங்கே காலங்காலமாகப் பயிர் வைத்து, மீன் பிடித்து, காட்டை நம்பி வாழ்கிறவர்கள். 'எங்களைக் கேட்காமல் எங்கள் நிலத்தைக் கொடுத்துவிட்டார்கள்' என்ற கோபம் அந்தப் பகுதி முழுக்க இருந்தது. 2012 ஏப்ரலில் அதே மாநிலத்தில் சவூதி ஸ்டார் என்ற வேறொரு பெரிய பண்ணையை ஆயுதம் ஏந்தியவர்கள் தாக்கி, ஊழியர்களைக் கொன்றார்கள். மேய்ச்சல் புறம்போக்கை யாரோ வெளியூர்க்காரருக்குக் கொடுத்துவிட்டால் நம் ஊரில் என்ன நடக்கும் என்று யோசித்துப் பாருங்கள். அங்கேயும் அதுதான்.

வங்கிக் கடனும் வக்கீலும் வைத்திருந்த கம்பெனிக்கே இந்த நிலைமை. நான்கு இளைஞர்களுக்கு எந்த அளவு பாதுகாப்பு கிடைக்கும்?

இயந்திரம் நிறைய இருந்தும் தோற்ற கடலை

'அவர்களிடம் நிர்வாகம் சரியில்லை, நாங்கள் இயந்திரத்தைச் சரியாக ஓட்டுவோம்' என்று உங்கள் மகன் சொல்லலாம். அவனுக்கு இன்னொரு கதையைச் சொல்லுங்கள். நம் நிலக்கடலையைப் பற்றிய கதை.

இரண்டாம் உலகப் போர் முடிந்த சமயம் பிரிட்டனில் சமையல் எண்ணெய்த் தட்டுப்பாடு. கிழக்கு ஆப்பிரிக்காவில் தாங்கனிக்காவில், அதாவது இன்றைய தான்சானியாவில், 30 லட்சம் ஏக்கருக்கு மேல் கடலை போடுவது என்று பிரிட்டிஷ் அரசு திட்டம் போட்டது. 1946-ல் நிலம் பார்க்கப் போன குழு ஒன்பது வாரத்தில் வேலையை முடித்துவிட்டது. நிறைய இடத்தை விமானத்திலிருந்தே பார்த்தார்கள். 1947-ல் கொங்வா என்ற இடத்தில் வேலை தொடங்கியது. புது டிராக்டர் போதுமான அளவு கிடைக்கவில்லை. போரில் பயன்பட்ட பழைய இயந்திரங்களை வாங்கிப்போனார்கள். ஷெர்மன் பீரங்கி வண்டியையே டிராக்டராக மாற்றி, அதற்கு ஷெர்விக் என்று பெயர் வைத்தார்கள்.

முள்புதரின் வேர் கலப்பையை உடைத்தது. மழை பெய்யும் என்று காகிதத்தில் போட்டிருந்தார்கள், மண்ணில் பெய்யவில்லை. மழை ஓய்ந்ததும் களிமண் செங்கல் மாதிரி இறுகிவிட்டது. கடலை மண்ணுக்குள் காய்க்கிற பயிர். இறுகிய மண்ணிலிருந்து அதைப் பிடுங்க முடியாது என்று நம் வீட்டுப் பாட்டியைக் கேட்டால்கூடச் சொல்லியிருப்பார். 1951 ஜனவரியில் திட்டத்தைக் கைவிட்டார்கள். பிரிட்டிஷ் அரசு சுமார் 36 மில்லியன் பவுண்டை நஷ்டக் கணக்கில் எழுதியது. அந்த நிலத்தில் ஒரு பகுதி பிறகு மாட்டுப் பண்ணையானது.

இயந்திரம் வேலையைச் சீக்கிரம் முடிக்கும். மண்ணும் மழையும் தெரியாத இடத்தில் அதே இயந்திரம் தப்பான வேலையையும் சீக்கிரம் முடித்துவிடும்.

சட்டம் நடுவில் மாறினால்?

2012 வாக்கில் பஞ்சாப் விவசாயிகள் பலர் ஜார்ஜியா நாட்டுக்குப் போனார்கள். பஞ்சாபில் ஓர் ஏக்கர் விற்ற காசுக்கு அங்கே பல மடங்கு நிலம் கிடைத்தது. இவர்கள் குத்தகைக்கு எடுக்கவில்லை, சொந்தமாகவே வாங்கினார்கள். உள்ளூரில் எதிர்ப்பு கிளம்பியது. 2013 ஜூனில் வெளிநாட்டினர் விவசாய நிலம் வாங்குவதை அந்த நாட்டு நாடாளுமன்றம் நிறுத்திவைத்தது. 2014-ல் அரசியல் சாசன நீதிமன்றம் அந்தத் தடையை நீக்கியது. 2017-ல் மறுபடி தடை வந்தது. பிறகு அரசியல் சாசனத்திலேயே எழுதிவிட்டார்கள். ஐந்தாறு வருடத்தில் விதி எத்தனை முறை புரண்டது என்று பாருங்கள்.

ஆப்பிரிக்க நாடுகளிலும் நிலம் நம் ஊர் மாதிரி பட்டாவோடு கைக்கு வராது. எத்தியோப்பியாவில் நிலம் முழுக்க அரசுக்கும் மக்களுக்கும் பொதுவானது என்று சாசனம் சொல்கிறது, குத்தகை மட்டும்தான். கென்யாவில் வெளிநாட்டவருக்கு அதிகபட்சம் 99 வருடக் குத்தகை. கானாவில் 50 வருடம். 'உங்கள் பெயருக்கே எழுதித் தருகிறேன்' என்று அங்கே யாராவது சொன்னால், அந்த ஆளைவிட்டு உடனே விலகிவிட வேண்டும்.

ஜெயித்தவர்களும் உண்டு

ஒரு பக்கத்தை மட்டும் சொல்லக் கூடாது. உகாண்டாவில் நாஞ்சி காளிதாஸ் மேத்தா 1924-ல் லுகாசி என்ற ஊரில் சர்க்கரை ஆலை வைத்தார். மாத்வானி குடும்பம் 1930-ல் ககிராவில் ஆலை தொடங்கியது. இரண்டும் கரும்புத் தோட்டத்தோடு சேர்ந்தவை, இரண்டுமே குஜராத்திக் குடும்பங்கள். 1972-ல் இடி அமீன் ஆசிய மக்களை 90 நாள் கெடு கொடுத்து வெளியேற்றியபோது இவர்களும் எல்லாவற்றையும் விட்டுவிட்டுப் போனார்கள். பிற்பாடு திரும்பி வந்து மறுபடி நடத்தினார்கள்.

இவர்கள் எப்படி நிலைத்தார்கள்? மேத்தா சிறுவயதில் அங்கே போய், கடை வைத்து, பருத்தி வாங்கி விற்று, அந்த நாட்டு மொழியும் ஆளும் பழகி, பல வருடம் கழித்துத்தான் கரும்புக்குள் இறங்கினார். நிலத்தைக் கடைசியில்தான் தொட்டார். உங்கள் மகனின் திட்டத்தில் நிலம் முதல் படியாக இருக்கிறது. வித்தியாசம் அதுதான்.

500 ஏக்கருக்கு ஒரு கணக்கு

இப்போது உங்கள் மகனுக்குப் பிடித்த இயந்திரத்துக்கு வருவோம். பேப்பரும் பேனாவும் எடுத்து அவனையே போடச் சொல்லுங்கள்.

50 ஹெச்.பி. டிராக்டரில் கல்டிவேட்டர் போட்டு ஓட்டினால் மணிக்கு ஓர் ஏக்கர் என்று வைப்போம். 500 ஏக்கரை ஒரு சால் ஓட்ட 500 மணி நேரம். தினம் பத்து மணி நேரம் ஓட்டினாலும் 50 நாள். இது ஒரு சாலுக்கு மட்டும். சட்டிக்கலப்பை போட்டால் இன்னும் மெதுவாகத்தான் போகும். மானாவாரி விதைப்புக்கு மண்ணில் ஈரம் நிற்பது இருபது நாள் என்றால், மூன்று டிராக்டராவது வேண்டும். ஒன்று பழுதானால் அந்தப் பங்கு நிலம் விதைக்காமலே போகும்.

டீசல் ஏக்கருக்கு ஒரு சாலுக்கு 5 லிட்டர் என்று வைத்தால், மூன்று சாலுக்கு 7,500 லிட்டர். பக்கத்தில் பங்க் இருக்கிறதா, இல்லை தொட்டி வைத்துச் சேமிக்க வேண்டுமா?

விளைச்சல் ஏக்கருக்கு 2 டன் என்று வைத்தால் 1,000 டன் மக்காச்சோளம். பத்து டன் லாரியில் நூறு லோடு. ஈரப்பதம் 14 சதவிகிதத்துக்குக் கீழே வராமல் குவித்தால் பூஞ்சணம் பிடித்து, அஃப்ளாடாக்சின் நஞ்சு ஏறிவிடும். காயவைக்கக் களம் எங்கே? குடோன் எங்கே? வாங்குகிறவர் யார்?

உதிரிப் பாகம் எங்கிருந்து வரும்? எத்தியோப்பியாவுக்குக் கடல் கிடையாது. பெரும்பாலான சரக்கு ஜிபூட்டி துறைமுகம் வழியாக வருகிறது. அங்கிருந்து காம்பெல்லாவுக்குத் தரை வழியில் 1,500 கிலோமீட்டருக்கு மேல். கோவையில் ஒரு பேரிங் போனால் மதியத்துக்குள் மாற்றிவிடலாம். அங்கே ஒரு பேரிங்குக்காக அறுவடை இயந்திரம் மூன்று வாரம் நின்றால், அந்த மூன்று வாரத்தில் கதிர் சாய்ந்துவிடும்.

கடைசியாகப் பணம். லாபம் பிர் நாணயத்தில் வரும். 2024 ஜூலை இறுதியில் எத்தியோப்பியா நாணய மதிப்பைச் சந்தையிடம் விட்டது. அதுவரை ஒரு டாலருக்குச் சுமார் 57 பிர். சில வாரத்தில் 100-ஐத் தாண்டியது. பண்ணையில் ஒரு தவறும் நடக்காமலே கையிலிருந்த லாபம் ஏறக்குறைய பாதியாகக் குறைந்திருக்கும்.

குத்தகை நூறு ரூபாயா, ஆயிரம் ரூபாயா என்பது இந்தக் கணக்கில் கடைசி வரியில்கூட வராது. நிலம் மலிவாக இருக்கிறது என்றால் ரோடு, தண்ணீர், சந்தை, பாதுகாப்பு ஆகிய செலவுகள் நம் தலையில் இருக்கின்றன என்று பொருள்.

நம் நாட்டுச் சட்டம் என்ன சொல்கிறது?

இதை ஏஜென்ட்டுகள் சொல்லவே மாட்டார்கள். ஒன்றிரண்டை மட்டும் சொல்கிறேன்.

வெளிநாட்டுக்கு முதலீடாகப் பணம் அனுப்ப ரிசர்வ் வங்கி விதி உண்டு. ஒருவர் ஒரு நிதியாண்டில் 2,50,000 டாலர் வரை அனுப்பலாம். வங்கி வழியாக, பான் எண்ணோடு, ஏ-2 படிவம் கொடுத்துத்தான் அனுப்ப வேண்டும். அங்கே கம்பெனி தொடங்கிப் பங்கு வாங்குவதாக இருந்தால் அதற்குத் தனிப் படிவமும் பதிவு எண்ணும் வேண்டும். வருடத்தில் 10 லட்சத்துக்கு மேல் முதலீட்டுக்கு அனுப்பினால், மேற்படும் தொகைக்கு டி.சி.எஸ். வரி வங்கியிலேயே பிடிப்பார்கள். அது பிறகு வருமான வரிக் கணக்கில் கழியும். விகிதத்தை அனுப்பும் அன்று வங்கியில் கேட்டுக்கொள்ளுங்கள். இப்படி முதலீட்டுக்கு அனுப்ப வங்கி கடன் தரக் கூடாது என்பதும் விதி. பயிர்க்கடன், விவசாய நகைக்கடன் எடுத்து அனுப்பலாம் என்று யாராவது யோசனை சொன்னால் கேட்காதீர்கள்.

விவசாய வருமானத்துக்கு வரி இல்லை என்று நாம் பழகிவிட்டோம். அந்தச் சலுகை இந்தியாவில் உள்ள நிலத்துக்கு மட்டும்தான். இங்கே வசிக்கும் ஒருவருக்கு வெளிநாட்டுப் பண்ணையிலிருந்து வரும் வருமானத்துக்கு வரி உண்டு. வெளிநாட்டுச் சொத்தை வருமான வரிப் படிவத்தில் காட்ட வேண்டும். காட்டாவிட்டால் 10 லட்சம் ரூபாய் அபராதம் வரை போகும்.

ஏஜென்ட் 'பணத்தை என்னிடம் ரொக்கமாகக் கொடுங்கள், அங்கே நான் கட்டிவிடுகிறேன்' என்று சொன்னால், அது ஹவாலா. பணமும் போகும், வழக்கும் வரும்.

ஏஜென்ட்டிடம் கேட்க வேண்டிய ஏழு கேள்விகள்

1. நிலத்தின் சர்வே வரைபடம், குத்தகை கொடுக்கும் அரசு அலுவலகத்தின் பெயர் என்ன? அந்த அலுவலகத்துக்கு நேரில் போக முடியுமா?
2. அந்த நிலத்தை இப்போது யார் உழுகிறார்கள், யார் மாடு மேய்க்கிறார்கள்?
3. பத்து வருட மழை அளவு எங்கே? ஆறு எவ்வளவு தூரம்? வெள்ளம் எப்போது வந்தது?
4. எத்தனை வருடத்துக்குள் எவ்வளவு ஏக்கர் பண்படுத்தாவிட்டால் குத்தகை ரத்தாகும்?
5. அதே வட்டாரத்தில் ஐந்து வருடமாக மக்காச்சோளம் போடும் ஒருவரையாவது காட்ட முடியுமா?
6. விளைச்சலை ஏற்றுமதி செய்ய அனுமதி உண்டா? லாபத்தை டாலராக மாற்றி அனுப்ப முடியுமா?
7. உங்களுக்குக் கமிஷன் எப்போது? ஒப்பந்தம் முடிந்ததுமா, முதல் அறுவடை முடிந்ததுமா?

ஏழாவது கேள்விக்கு வரும் பதிலிலேயே பாதி விஷயம் தெரிந்துவிடும்.

பிறகு மகனுக்கு என்ன வழி?

அவன் ஆசைக்கு மூன்று படி சொல்கிறேன். முதல் படி, சமவெளியில் ஒட்டன்சத்திரம், பழநி பக்கம் நண்பர்கள் நால்வரும் சேர்ந்து பத்து, பதினைந்து ஏக்கரை இரண்டு வருடக் குத்தகைக்கு எடுத்து, முழு இயந்திரச் சாகுபடி செய்து பார்க்கட்டும். கூட்டுக் கணக்கு, கூட்டாளிகளுக்குள் வரும் சண்டை, டிரைவர் வராத நாள் எல்லாம் அங்கேயே தெரிந்துவிடும். இரண்டாவது படி, வெளிநாடுதான் வேண்டுமென்றால் முதலாளியாகப் போகாமல், இயந்திரம் தெரிந்த ஊழியனாக ஒரு பண்ணைக்கு இரண்டு பருவம் போய் வரட்டும். சம்பளம் வாங்கிக்கொண்டே அந்த மண்ணைப் படிக்கலாம். மூன்றாவது படி, அதற்குப் பிறகும் ஆசை இருந்தால் தன் சேமிப்பிலிருந்து, போனாலும் குடும்பம் சாயாத தொகையைப் போடட்டும்.

நிலத்தைப் பற்றி ஒரு வார்த்தை. பூம்பாறைச் சரிவில் ஒன்றன் கீழ் ஒன்றாக இறங்கும் அந்தப் படிகளை ஒரு தலைமுறை கட்டவில்லை. கொடைக்கானல் மலைப்பூண்டு 2019-ல் புவிசார் குறியீடு வாங்கியிருக்கிறது. அந்தப் பெயரைச் சொல்லி விற்க இந்த மலையில் நிலம் இருக்க வேண்டும். ரிசார்ட்டுக்கு ஒருமுறை போன நிலத்தை விவசாயி எந்தக் காலத்திலும் திரும்ப வாங்க முடியாது. ஆப்பிரிக்காவில் தோற்றால் உங்கள் மகன் திரும்பி வர ஓர் இடம் வேண்டும். மாமியார் சம்மதிக்காததை வயதானவர் பிடிவாதம் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். பத்திரம் யார் பெயரில் இருக்கிறது, கூட்டுப் பட்டாவா, மற்ற வாரிசுகளுக்குப் பங்கு உண்டா என்பதையும் பார்த்துவிடுங்கள். ஒருவர் கையெழுத்தில் முடிகிற விஷயமாக அது இருக்காது.

மற்ற கேள்விகள்

கேள்வி: எங்கள் மலை நிலத்துக்கு டிராக்டர் வராது. சின்ன இயந்திரத்துக்கு மானியம் உண்டா?
– ஒரு வாசகர், மன்னவனூர்.

பதில்: உண்டு. பவர் டில்லர், களையெடுக்கும் கருவி போன்றவற்றுக்கு வேளாண்மை இயந்திரமயமாக்கல் திட்டத்தில் சிறு, குறு விவசாயிகள், பெண்கள், ஆதிதிராவிடர், பழங்குடியினருக்கு 50 சதவிகிதம், மற்றவர்களுக்கு 40 சதவிகிதம் மானியம். கருவிக்கு உச்சவரம்புத் தொகை உண்டு. வேளாண்மைப் பொறியியல் துறையில் விண்ணப்பியுங்கள். வாங்கும் முன் உங்கள் படியின் அகலத்தை அளந்துகொள்ளுங்கள். திருப்ப இடமில்லாவிட்டால் மானியத்தில் வாங்கிய இயந்திரமும் கொட்டகையில்தான் நிற்கும். ஒரு நாள் வாடகைக்கு எடுத்து ஓட்டிப் பார்த்துவிட்டு வாங்குவது நல்லது.

கேள்வி: தம்பிக்கு வெளிநாட்டுப் பண்ணையில் டிரைவர் வேலை என்று ஏஜென்ட் இரண்டு லட்சம் கேட்கிறார். நம்பலாமா?
– ஒரு வாசகி, வத்தலக்குண்டு.

பதில்: ஏஜென்ட் மத்திய அரசிடம் பதிவு செய்தவரா என்று இ-மைக்ரேட் இணையதளத்தில் முதலில் பாருங்கள். பதிவு பெற்றவர் வாங்கக்கூடிய சேவைக் கட்டணம் அதிகபட்சம் 30,000 ரூபாயும் அதற்கான ஜி.எஸ்.டி.யும்தான். இரண்டு லட்சம் கேட்பவரிடம் ரசீது கேளுங்கள், அவரே விலகிவிடுவார். சுற்றுலா விசாவில் அனுப்பி, அங்கே மாற்றித் தருகிறேன் என்றால் கண்டிப்பாகப் போக வேண்டாம். சந்தேகம் இருந்தால் சென்னையில் உள்ள குடிபெயர்வோர் பாதுகாப்பு அலுவலகத்தில் விசாரியுங்கள்.

பூம்பாறை வாசகிக்கு இன்னொரு வேண்டுகோள். மகன் அந்த ஏழு கேள்விகளுக்கும் பதில் வாங்கி வந்தால், அதை அப்படியே எங்களுக்கு எழுதி அனுப்புங்கள். இதே பக்கத்தில் வரிக்கு வரி பார்த்துவிடலாம். அதுவரை யாரிடமும் முன்பணம் வாங்க வேண்டாம், எந்தக் காகிதத்திலும் கையெழுத்துப் போட வேண்டாம்.